தகரம் என்றாலே அனல் என்பது சரியில்லை

"தகர ஷீட் போட்டால் வீடு கொதிக்கும், ஷிங்கிள் எப்போதுமே குளிர்ச்சி" என்று மேலே எழுதியிருக்கும் அண்ணாச்சி, இது பாதிதான் உண்மை. பூச்சில்லாத பழைய தகரம் கொதிக்கும், சரி. ஆனால் ஷிங்கிள் என்பது கூரையில் ஓடு மாதிரி அடுக்கும் பட்டை; கண்ணாடியிழை விரிப்பில் தார் ஏற்றி, மேலே கல்துகள் ஒட்டியது. அடர்நிறத்தில் வாங்கினால் சித்திரை வெயிலை அப்படியே குடிக்கும். வெள்ளைப் பூச்சுள்ள ஷீட்டோ வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே சூட்டைத் தீர்மானிப்பது நிறமும், கூரைக்கு அடியில் விடும் காற்றோட்டமும், சீலிங்கும்தான்.

நம் நெல்லைப் பக்கம் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது காற்று. ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அடிக்கும் காற்றுக்குத்தானே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன! ஷீட்டோ ஷிங்கிளோ, முதலில் பிய்வது ஓரம்தான். ஷீட் என்றால் ஓரத்தில் ஸ்க்ரூவை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். ஷிங்கிளுக்கு அடியில் இடைவெளியில்லாத தளம் வேண்டும். பிளைவுட் என்றால் அந்தச் செலவையும் கரையானையும் கணக்கில் சேருங்கள். உவரி, கூடங்குளம் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்பு ஷீட் சீக்கிரம் துருப்பிடிக்கும், அங்கே அலுமினியம் கேளுங்கள்.

அப்புறம், தகரக் கூரை இடியை இழுக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் தவறு. கட்டடத்தின் உயரமும் அது நிற்கும் இடமும்தான் அதில் கணக்கு, கூரை எதனால் ஆனது என்பதல்ல.