இலை உதிர்ந்தால் குப்பையா?

உறவினர் வீடுகளுக்கும் பழைய நண்பர்கள் வீடுகளுக்கும் போனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். காபி வருவதற்குள் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்துவிடுவேன். போன தடவை முருங்கை நின்ற இடத்தில் இந்தத் தடவை சிமெண்ட் தரை. ஏன் வெட்டினீர்கள் என்றால் மதுரை, ராஜபாளையம், தென்காசி எங்கும் ஒரே பதில்தான்: "இலை கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஒரே குப்பை."

வீட்டு மரங்களைக் காவு வாங்குவது தண்ணீர்ப் பஞ்சம் என்கிறார்கள், இடநெருக்கடி என்கிறார்கள். நான் பார்த்தவரையில் பாதிக்கு மேல் இந்தக் 'குப்பை'தான் காரணம்.

பயணத்தில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் வழியெல்லாம் இதே கணக்குத்தான் மனத்தில் ஓடுகிறது. நான்குவழிச் சாலையின் நடுவே மைல் கணக்கில் அரளி. ஆடு மாடு வாய் வைக்காது, வெயிலையும் வண்டிப் புகையையும் தாங்கும் என்பதால் நட்டிருக்கிறார்கள். பூக்கும்போது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் கீழே ஒருவரும் ஒதுங்க முடியாது. பழைய சாலைகளில் கறுப்பு வெள்ளைப் பட்டையும் எண்ணும் பூசிக்கொண்டு நின்ற புளியமரங்கள் நிழலும் தந்தன, ஏலத்தில் அரசுக்குக் காசும் தந்தன. சாலையை அகலப்படுத்தியபோது அவை போயின. செங்கோட்டைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் பொழுது விடியும் நேரம் எழுந்து உட்கார்ந்தால் வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் கீழே தென்னந்தோப்பு, மாந்தோப்பு. நடுநடுவே கண்மாய்க்குள் சீமைக் கருவேலம். உயர் நீதிமன்றமே அகற்றச் சொன்ன மரம், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்த்து நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பெரியம்மா வீட்டுக் கொல்லை இன்னும் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. துவைக்கும் கல்லிலிருந்து ஒரு சாண் அகல வாய்க்கால். தண்ணீர் முதலில் வாழைக்குப் போகும், மிச்சம் சேம்புக்கு. அரிசி கழுவிய நீரும் புளித்த மோரும் கறிவேப்பிலைக்கு. தார் வெட்டியதும் தாய் வாழையைச் சாய்த்துத் துண்டு போட்டு அங்கேயே விட்டுவிடுவார். பக்கக் கன்று அதைத் தின்று வளரும். உதிர்ந்த இலையெல்லாம் மூலையில் உள்ள குழிக்கு. தோட்டத்துக்கென்று அந்த வீட்டில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தனியாகச் செலவானதில்லை. அந்த ஊரின் ஆண்டாளே நந்தவனத்துத் துளசியின் அடியில் கிடைத்தவள் என்பார்கள். அதே ஊரில், பெரியம்மா வீட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள வீடுகளில் துளசி இப்போது பிளாஸ்டிக் தொட்டிக்குள் இருக்கிறது.

மதுரைக்கு வெளியே புது மனைப்பிரிவில் வீடு கட்டியிருக்கிறான் என் பள்ளித் தோழன். சுற்றுச்சுவர் வரைக்கும் பேவர் கல். வாசலில் பாய் அளவுக்குக் கொரியன் புல், அதற்குத் தினமும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வேலியோரம் பச்சைப் பசேலென்று கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு அழகுச் செடி. குஜராத் 2023-இல் தடை செய்த செடி, தமிழக அரசும் 2025-இல் தடை விதித்துவிட்டது என்றேன். "நர்சரிக்காரர் இலை கொட்டாது என்றாரே" என்றான். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாகிவிட்டது. அவன் வீட்டிலும் அதற்கான குழாய் இருக்கிறது, தெருவைப் பார்த்தபடி. ராத்திரி பத்து மணிக்கும் அந்தக் கல் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. உள்ளே இரண்டு ஏ.சி. ஓடுகிறது.

இதையெல்லாம் நான் வீராவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்தவர் தென்காசி அத்தை. "மரம் வேண்டும் என்று சொல்பவர்கள் ஒரு மாதம் பெருக்கிப் பாருங்கள், மாப்பிள்ளை. வேப்பமரம் இலை உதிர்க்கிற மாசி, பங்குனியில் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மழை விட்டதும் முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி. நிழலில் கட்டில் போட்டுப் படுப்பது உங்கள் மாமா, பெருக்குவது நான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொல்வது உண்மை. சுத்தமான வாசல் என்பது வீட்டுப் பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்ட விஷயம். நாலு இலை கிடந்தால் ஊர் அவளைத்தான் சொல்லும், கட்டிலில் படுத்திருப்பவரை அல்ல. இடுப்பு வலியோடு பெருக்கும் ஒருவர் சிமெண்ட் போடச் சொன்னால் அவரிடம் போய்ச் சுற்றுச்சூழல் பேசுவது அநியாயம். விளக்குமாற்றை வாங்கிக்கொண்டு பேசலாம். இன்னொன்று, மரத்தடியைப் பெருக்கியே ஆக வேண்டும் என்ற சட்டம் எங்கே இருக்கிறது? வாசலைப் பெருக்குங்கள், நடக்கும் பாதையைப் பெருக்குங்கள். மரத்தைச் சுற்றி நாலடி மண்ணில் விழுந்த இலை அங்கேயே மட்கட்டும். பாம்பு வரும் என்பார்கள். அந்த நாலடி வீட்டுச் சுவரை ஒட்டி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தோழன் இப்போது சுற்றுச்சுவர் ஓரம் இரண்டு வரிசைக் கல்லைப் பெயர்க்கச் சம்மதித்திருக்கிறான். என்ன வைப்பது என்பதில்தான் தகராறு. அவனுக்கு நந்தியாவட்டை, அவன் மனைவிக்குப் பவழமல்லி. தரையில் விழுந்ததைப் பொறுக்கியே சாமிக்கு வைக்கலாம் என்ற சலுகை பவழமல்லிக்கு உண்டு என்பதால் என் ஓட்டு தங்கச்சிக்குத்தான். விடிந்ததும் தரை முழுக்கப் பூவாகக் கொட்டுமே, யார் பெருக்குவது என்று கேட்டான். நீதான் என்று சொல்லியிருக்கிறேன்.