மாற்றுச் சிறுநீரகமும் கொரோனாவும்: அந்த வாட்ஸ்அப் தகவல் தவறு

“சிறுநீரக மாற்று செய்தவர்கள் கொரோனா தடுப்பூசி போட்டால் உடல் அந்தச் சிறுநீரகத்தை ஒதுக்கிவிடும். கொரோனா வந்தால் டாக்ரோலிமஸ் மாத்திரையை உடனே நிறுத்துங்கள்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட. டாக்ரோலிமஸ் என்பது, உடல் மாற்றுச் சிறுநீரகத்தை ஒதுக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை.

கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் உடலில் பெருகக்கூடிய கிருமி கிடையாது. இப்படி எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பதால், சிறுநீரக மாற்று செய்தவர்களுக்குத் தடுப்பூசியின் பலன் குறைவாகக் கிடைப்பதுதான் உண்மையான சிக்கல். அதனால்தான் 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்குக் கூடுதலாக ஒரு தவணை போடச் சொன்னது. அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

சரி, மாத்திரை? தொற்று வந்தால் மருத்துவர்கள் சில நேரம் மைக்கோஃபினோலேட் என்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள் அல்லது கொஞ்ச நாள் நிறுத்துவார்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து அவர்கள் எடுக்கும் முடிவு அது. நாமாக எல்லாவற்றையும் நிறுத்தினால் உடல் சிறுநீரகத்தை ஒதுக்கிவிடக்கூடும். அப்புறம், பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று வாங்கிப் போடாதீர்கள். அதிலுள்ள ரிட்டோனாவிர், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏகத்துக்கும் ஏற்றிவிடும், சிறுநீரகமே பாதிக்கப்படலாம்.

காய்ச்சலோ இருமலோ வந்தால் அன்றே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள். அந்தத் தகவலைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைப் போடுங்கள்.