அண்ணாச்சி கடைக்கும் ஆறு மாடிக் கடைக்கும் ஒரே விதியா?

வியாழக்கிழமை எங்கள் தெருவில், ஒருவர் எழுதிய புகாரின் பேரில் அண்ணாச்சியின் மளிகைக் கடைக்குச் சீல் வைத்தார்கள். அதைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டீர்கள், போட்டோவும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. சீல் வைத்த அரைமணி நேரத்தில் தெருக்காரர்கள் குரூப்பில் "நல்ல வேலை, இனி தெரு தெருவாக இருக்கும்" என்று போட்டாரே ஒருவர், அதற்குக் கட்டைவிரல் தூக்கினார்களே, அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கடை ஒரு வீட்டின் முன்னறை. நூறு சதுர அடி இருந்தால் அதிகம். அரிசி, பருப்பு, பால் பாக்கெட், வாசலில் தொங்கும் வாழைத்தார், காலையில் வரும் கீரைக்கட்டு. குடியிருப்பு என்று பிளான் வாங்கிய கட்டடத்தில் வணிகம் நடப்பதுதான் குற்றமாம்.

சரி, விதியையே பார்ப்போம். 2008இல் வந்த சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான், நிலத்தை முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று பிரிக்கிறது. முதன்மைக் குடியிருப்பில்கூட அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளுக்கு இடம் உண்டு. மனிதர்கள் வாழும் இடத்தில் பாலும் பருப்பும் கிடைக்க வேண்டும் என்று அதை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. வீடு என்று அனுமதி வாங்கிய கட்டடத்தின் முன்னறையில் கடை போட்டால் அது பிளானுக்கு மாறான பயன்பாடு. முறைப்படுத்தப் போனால் தெருவின் அகலம் என்ன, பார்க்கிங் எங்கே, பக்கத்தில் எத்தனை அடி விட்டிருக்கிறாய் என்று கேள்விகள் வரும். வரைபடம் போட ஆள் பிடிக்க வேண்டும், கரண்ட் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். ஆறு மாடி கட்டுபவர் இதற்கென்றே ஆள் வைத்திருப்பார். அண்ணாச்சிக்கு இருப்பது கல்லாவில் உட்காரும் அக்கா மட்டும்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. சின்னக் கடை வேறு, பெரிய கடை வேறு. இரண்டையும் 'வணிகம்' என்ற ஒரே பெட்டிக்குள் போடாதீர்கள். அளவைப் பாருங்கள், அது தரும் தொந்தரவைப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

உடனே ஒருவர் வந்து "தி.நகரைப் பார்த்தீர்களா, அதுவும் இப்படித்தான் ஆரம்பித்தது" என்பார். பார்த்திருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் வளர்ந்தவள்தான் நான். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துப் போட்ட குடியிருப்பு மனைகள் அவை. ஆனால் அந்த ஊரை மூச்சுமுட்ட வைத்தது மளிகைக் கடையா? அனுமதி வாங்கியதற்கு மேல் மாடி மாடியாக ஏற்றியவர்கள் யார்? 2011 அக்டோபர் கடைசியில் அங்கே ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் அப்படிப்பட்ட பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே தற்காலிகமாகத் திறந்துகொள்ள உச்ச நீதிமன்றத்தில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி வரை விதிமீறிக் கட்டியவர்கள் கட்டணம் கட்டித் தப்பிக்க வழி செய்திருந்தார்கள். பிறகு 113-சி வந்தது, 2007 ஜூலை முதல் தேதிக்கு முன் கட்டியவற்றுக்கு. பெரிய கட்டடங்களுக்காகச் சட்டம் இத்தனை முறை வளைந்திருக்கிறது. முன்னறைக் கடைக்கு ஒரு முறை வளையக் கூடாதா? வளையக்கூட வேண்டாம், ஒரு வரியைத் தெளிவாக எழுதினாலே போதும்.

எழுத முடியாத வரியும் அல்ல. 2006இல் டெல்லியில் நீதிமன்ற உத்தரவின்படி குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு வரிசையாகச் சீல் வைத்தபோது ஊரே கொந்தளித்தது. சீலம்பூரில் துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு பேர் செத்தார்கள். மறு ஆண்டு வந்த மாஸ்டர் பிளானில், குடியிருப்பில் தரைத்தளத்தில் 20 சதுர மீட்டர் வரை, பட்டியலில் உள்ள பொருட்களை விற்கும் கடைகளுக்கு இடம் கொடுத்தார்கள். ஜப்பானில் வீடுகளுக்கென்றே ஒதுக்கிய, மிகக் கடுமையான விதிகள் உள்ள பகுதியில்கூட, வீட்டோடு சேர்ந்த கடை 50 சதுர மீட்டர் வரை, கட்டடத்தின் பாதிக்கு மிகாமல் இருக்கலாம். நம் ஊரிலேயே 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவருக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி உண்டு. அவ்வளவு பெரிய வீட்டுக்கு உரிமையாளர் வார்த்தையை நம்ப முடிகிறது. நூறு சதுர அடிக் கடைக்காரர் வார்த்தையை நம்ப முடியாதா?

பார்க்கிங் பற்றிச் சொல்வீர்கள். மாலையில் இரண்டு மூன்று பைக்குகள் கேட்டை மறித்து நிற்பது உண்மைதான், எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. சொன்னால் அண்ணாச்சியே வந்து நகர்த்தி வைப்பார். ஆனால் அந்தக் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நடந்து வருபவர்கள். பக்கத்தில் கடை இல்லாவிட்டால்தான் ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கும் வண்டியை எடுக்க வேண்டும். நம் தெருவை அடைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நிற்கும் கார்கள் யாருடையவை? நம்முடையவை. நம் ஃபிளாட்டுகளின் பார்க்கிங்கில் பழைய சோபாவும் கட்டிலும் கிடக்கின்றன. அதுவும் பிளானுக்கு மாறான பயன்பாடுதான். அதைப் பற்றி ஒருவர்கூடப் புகார் எழுதவில்லை.

பின்தெருவில் பத்து நிமிடத்தில் சாமான் கொண்டுவரும் கம்பெனியின் கிடங்கு இருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து அங்கே வண்டிகள் வரிசை கட்டுகின்றன. பாவம், அந்தப் பையன்கள் மீது எனக்குக் கோபமில்லை. புகார் எழுதியவர் கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை என்பதுதான் கேள்வி.

"இன்று மளிகை, நாளை பார்" என்றும் ஒருவர் போட்டிருந்தார். இன்ன பொருள், இவ்வளவு இடம், இத்தனை மணி வரை என்று பட்டியல் போட்டால் பார் எப்படி வரும்? அப்புறம், மனை விலை குறையும் என்ற வாதம். அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

"சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே" என்று சொன்னவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்பா போன பிறகு, மேற்கு மாம்பலத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் அம்மா தையல் மெஷின் போட்டார். பிளவுஸ், பாவாடை, புடவைக்கு ஃபால்ஸ். வாசலில் கையால் எழுதிய ஒரு அட்டை, அவ்வளவுதான் கடை. என் பள்ளிக் கட்டணமும் தம்பியின் மருந்தும் அந்த அறையிலிருந்து வந்தன. வீட்டை விட்டு வேலைக்குப் போக முடியாத ஒரு பெண்ணுக்கு, அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே சம்பாதிக்க வேறு வழி எது? அம்மா எந்த அனுமதியும் வாங்கவில்லை. அப்படி ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. யாராவது ஒருவர் புகார் எழுதியிருந்தால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்று வியாழக்கிழமை இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் யாரும் எழுதவில்லை. சட்டம் தெரியாததால் அல்ல, எங்களைத் தெரிந்ததால்.

நம் தெருவுக்கு அண்ணாச்சியைத் தெரியாதா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பால் பவுடரும் மெழுகுவத்தியும் கொண்டுவந்து கொடுத்தது யார்? 2020 மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்களே, அந்த வாரங்களில் தக்காளி எங்கிருந்து வந்தது? கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு "மெல்லக் கொடுங்க மாமி" என்று கொடுத்தாரே, அந்த நோட்டில் இன்று கட்டைவிரல் தூக்கியவர்களின் வீட்டு எண்களும் இருந்தன. என் மகள் இரவு பத்து மணிக்கு மெட்ரோவிலிருந்து இறங்கி நடந்து வரும்போது தெருமுனையில் எரிந்த ஒரே வெளிச்சம் அந்தக் கடையுடையது. இப்போது நான் போய் நிற்கிறேன்.

குரூப்பில் ஒருவர் "இந்த மாதிரி ஆட்களால்தான் ஏரியா தரம் குறைகிறது" என்று எழுதியிருந்தார். எந்த மாதிரி ஆட்கள்? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மூட்டை தூக்குகிறவர்களா? முன்னறையில் பிளவுஸ் தைத்தவர்களா? விதி, பிளான், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு அடியில் கிடப்பது இந்த ஒரு வரிதான். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

2026க்குப் பிறகான மூன்றாவது மாஸ்டர் பிளானில், குடியிருப்புத் தெருக்களில் இருக்கும் சிறு கடைகளுக்கு அளவு வரம்போடு, சுயசான்றின் பேரில் அனுமதி கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். அண்ணாச்சி கடையைத் திறக்கச் சொல்லி இன்னொரு மனு. இரண்டும் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிறு காலை சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவருவேன். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் போடுங்கள். புகார் எழுதியவரும் வரட்டும், அக்காவையும் அழைத்திருக்கிறேன், சொல்ல வேண்டியதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.