முதலில் கொஞ்சம் பாடம் எடுக்கட்டும், அப்புறம் உட்கார்ந்து பார்க்கட்டும்

ஆசிரியர் பயிற்சியில் காலங்காலமாக ஒரே வரிசைதான். முதலில் பின்பெஞ்சில் உட்கார்ந்து மூத்த ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்க வேண்டும், அது முடிந்ததும் கற்பித்தல் பயிற்சி. பயிற்சி மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிற எனக்கு இந்த வரிசையின் மேல் நம்பிக்கை போய்விட்டது.

அவர்களுடைய உற்றுநோக்கல் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ‘ஆசிரியர் ஆர்வமூட்டித் தொடங்கினார். கரும்பலகையை நன்கு பயன்படுத்தினார். மாணவர்கள் உற்சாகமாகப் பதிலளித்தனர்.’ யாருடைய வகுப்புக்கும் பொருந்துகிற வரிகள். சோம்பலால் அப்படி எழுதவில்லை, எதைப் பார்ப்பதென்று இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-லேயே இதைச் சொன்னார்: பள்ளியில் படித்த காலம் முழுக்க நாம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் அவர்கள் செய்வது மட்டும்தான் தெரிந்தது, ஏன் செய்கிறார்கள் என்பது தெரியவில்லை. பின்பெஞ்சில் இன்னும் சில வாரம் உட்காரவைத்தால் அதே கதைதான் நீளும்.

நல்ல வகுப்பில் பார்க்க வேண்டியதெல்லாம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் கிசுகிசுக்கத் தொடங்குவார்கள். ஆசிரியர் பாடத்தை நிறுத்தாமல் பேசிக்கொண்டே அந்த மேசைப் பக்கம் போய் நிற்பார். பேச்சு அடங்கிவிடும். பதிவேட்டில் இது ஏறவே ஏறாது, ஏனென்றால் ‘எதுவும் நடக்கவில்லை’. தானே நின்று ஒரு வகுப்பு கைமீறிப் போவதைப் பார்த்தவருக்கு மட்டும் அந்த நாலு எட்டு நடை பளிச்சென்று தெரியும்.

பாடத்திலும் அப்படித்தான். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால், ஒரு பிள்ளை ஐந்தில் இரண்டு என்று சொல்லும். மேலேயும் கூட்டியாகிவிட்டது, கீழேயும் கூட்டியாகிவிட்டது. புதியவர் ‘தப்பு, வேற யாரு?’ என்று அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுவார், பாடக்குறிப்பில் சரியான விடை மட்டும்தானே இருக்கிறது. அனுபவசாலி, ‘சரி, ஐந்தில் இரண்டு பெரிசா, அரை பெரிசா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று பிள்ளையே திகைக்கும். அந்தக் காத்திருப்பைப் பற்றிக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் ஆராய்ந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிகூடப் பொறுப்பதில்லை. 3 நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு அந்த 3 நொடி எவ்வளவு நீளம் என்பது நின்றவருக்குத்தான் தெரியும்.

பயிற்சியே இல்லாதவரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழு வகுப்பு வேண்டாம். ஐந்தாறு பிள்ளைகள், கால் மணி நேரம், ஒரே ஒரு கருத்து, வகுப்பாசிரியர் பக்கத்திலேயே இருக்கட்டும். சக பயிற்சி மாணவர்களை உட்காரவைத்து நடத்தும் நுண்ணிலைக் கற்பித்தல் இதற்கு ஈடாகாது. பிள்ளைகள் செய்கிற மாதிரித் தவறு செய்ய அவர்களுக்கு வராது.

அதற்குப் பிறகு பின்பெஞ்சுக்கு அனுப்புங்கள், ஒரே கேள்வியோடு. தவறான பதில் வந்ததும் ஆசிரியர் என்ன செய்கிறார்? அதை மட்டும் எழுதி வரட்டும். வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து, ‘அப்போது ஏன் அப்படிக் கேட்டீர்கள்?’ என்று பேச நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பத்து நிமிடத்துக்குக் கால அட்டவணையில் இடம் இல்லை என்கிறார்கள். பதிவேட்டில் பக்கம் நிரப்பும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாமே.