சங்கம் தலைமையாசிரியருக்கா, பள்ளிக் கட்டணத்துக்கா?

தென்னாப்பிரிக்காவில் எங்கள் தலைமையாசிரியர் சங்கத்தின் சனிக்கிழமை கூட்டத்தில் என்ன நடந்தது என்று பலர் உள்பெட்டியில் கேட்கிறீர்கள். அங்கே எடுத்த முடிவைச் சொல்லும் சுற்றறிக்கை ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டது, அதனால் முழுக்கதையும் வேண்டாம். எனக்கு உறைத்த ஒரு வரியை மட்டும் சொல்கிறேன். குறைந்த கட்டணம் வாங்கும் சிறிய தனியார் தொடக்கப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் இனி 'இணை உறுப்பினர்கள்'. கூட்டத்துக்கு வரலாம், பேசலாம். ஓட்டு கிடையாது. எனக்கும் சேர்த்துத்தான்.

இது தலைமையாசிரியர்களின் சங்கம். பள்ளிகளுக்கு வேறு அமைப்புகள் இருக்கின்றன. இங்கே சேர்வது ஆள். பத்து ஆசிரியர்கள் இருந்தால் அவர்கள் தங்களுக்குள் பேசி ஆறிக்கொள்வார்கள். தலைமையாசிரியர் ஒருவர்தான். ஒரு குழந்தையின் முதுகில் தழும்பைப் பார்க்கிறோம். சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும், கொடுத்தும் விடுவோம். ஆனால் அன்று சாயங்காலம் அந்தக் குழந்தையின் தாய் கேட்டில் வந்து நிற்கும்போது என்ன பேசுவது? இதை நிர்வாகக் குழுவிடம் கேட்க முடியாது, ஸ்டாஃப் ரூமிலும் கேட்க முடியாது. வேறொரு ஊரில் இதே வேலையைப் பார்க்கிறவரிடம்தான் கேட்க முடியும். அந்தத் தாய் எங்கள் பள்ளிக்கு எவ்வளவு கட்டணம் கட்டுகிறாள் என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2022 ஏப்ரல் வெள்ளம் நினைவிருக்கும். எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் ஊரான டோங்காட்டில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே வெள்ளத்தில் சேதமாகி நின்றுபோனது. மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் பள்ளி நடத்திப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தையிடம் 'அடக்கிக்கோ கண்ணு' என்று எத்தனை தடவை சொல்வது? மூடிவிடலாம் என்று முடிவுக்கே வந்திருந்தேன். அப்போது எனக்குப் போன் செய்தவர் டர்பனில் பெரிய பள்ளி ஒன்றின் தலைவி, வெள்ளைக்காரப் பெண்மணி. சங்கக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது பேசிய பழக்கம், அவ்வளவுதான். 'உனக்கு எத்தனை கழிப்பறை?' என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே ஒரு ஜோஜோ டாங்க், பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, வந்து இறங்கியது, தண்ணீர் நிரப்பிய லாரியும் பின்னாலேயே வந்தது. என் பள்ளியின் கட்டணப் பட்டியலை அவர் கேட்கவில்லை. பெரிய பள்ளிகள் மேல் எனக்குப் பொறாமை என்று எழுதியவர்கள் இதைப் படிக்க வேண்டும். சங்கம் என்றால் எனக்கு அந்த ஜோஜோ டாங்க்தான்.

சரி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

'பெரிய பள்ளிகள் அதிக சந்தா கட்டுகின்றன.' கட்டுகின்றன, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் சந்தாவைப் பற்றிப் பேசுங்கள், எனக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். ஓட்டை ஏன் எடுக்கிறீர்கள்?

'தரம் என்று ஒன்று வேண்டாமா?' இந்தக் கேள்வியில்தான் எனக்கு வயிறு எரிகிறது. அரசியல் சாசனத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது: தனியார் பள்ளி நிறம் பார்க்கக் கூடாது, பதிவு செய்ய வேண்டும், அரசுப் பள்ளியின் தரத்துக்குக் கீழே போகக் கூடாது. 1996 பள்ளிச் சட்டப்படி மாகாணத்தில் பதிவு, தரத்தைச் சோதிக்கும் உமலூசி அமைப்பின் அங்கீகாரம், ஆசிரியருக்கு சேஸ் என்ற ஆசிரியர் மன்றத்தில் பதிவு என்று எல்லாம் எனக்கும் உண்டு. போதாததற்கு நான் அரசு மானியம் வாங்குகிறேன். அதனால் கல்வித் துறை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதிக்கலாம். மானியம் வாங்காத பணக்காரப் பள்ளிக்கு அந்த நிபந்தனை இல்லை. அந்த மானிய விதியையும் கொஞ்சம் பாருங்கள். கட்டணம் குறையக் குறைய மானியம் கூடும். மிகக் குறைந்த கட்டணம் வாங்கும் பள்ளிக்கு, அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு மாகாணம் செலவழிப்பதில் 60 சதவீதம் வரை கிடைக்கும். அந்தச் செலவைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் கட்டணம் வாங்கினால் ஒரு ராண்டும் கிடையாது. ஏழைப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் கை கொடுக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கே தெரிகிறது. எங்கள் சங்கம் அதைத் தலைகீழாகச் செய்கிறது.

'பிடிக்காவிட்டால் தனியாகச் சங்கம் வைத்துக்கொள்ளுங்களேன்.' இதை மேடையிலேயே சொன்னார்கள். சிலர் தலையாட்டினார்கள்.

தனியாக வைத்துக்கொள்வது இந்திய வம்சாவளியினரான எங்களுக்குப் புதிதா? 1925இல் நடால் இந்திய ஆசிரியர் சங்கம் பிறந்ததே மற்றவர்களின் கதவு நமக்குத் திறக்காத காலத்தில்தான். பள்ளிக்கூடங்களையும் நாமேதான் கட்டினோம். நாம் ஒரு பவுண்டு சேர்த்தால் அரசாங்கம் ஒரு பவுண்டு போடும், அப்படி எழுந்தவைதான் அந்த அரசு உதவிபெறும் இந்தியப் பள்ளிகள். என் ஆயா, அதாவது பாட்டி, கரும்புத் தோட்டத்தில் களையெடுத்த கூலியில் ஷில்லிங் ஷில்லிங்காகக் கட்டட நிதிக்குக் கொடுத்தவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்படியும் இடம் போதவில்லை. அம்மா படித்தது பிளட்டூன் முறையில். காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம், இரண்டுக்கும் அதே பெஞ்சு. அம்மாவுக்கு எப்போதும் மதியம்தான். வெயிலில் தூங்கி விழுந்ததற்கு அடி வாங்கியதை இன்றும் சொல்வார். இத்தனைக்கும் பிறகு 1994இல் நிறவெறி ஆட்சி முடிந்த அப்புறம்தான் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அந்த மேசையை விட்டு எழுந்து போகச் சொல்வது லேசான பேச்சு இல்லை.

'இதை இனப் பிரச்சினை ஆக்காதே அக்கா' என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, நான் ஆக்கவில்லை. தீர்மானத்தை வழிமொழிந்தவர் நம்மவர். அதுதான் இரவெல்லாம் தூங்க விடவில்லை. அதிகக் கட்டணப் பள்ளியின் பிளேசரைப் போட்டதும் பிளட்டூன் பெஞ்சு மறந்துவிடுமா? தைப்பூசத்தில் பக்கத்தில் நின்று காவடிக்குக் கற்பூரம் காட்டியவர், கூட்டம் முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் கார் பார்க்கிங்குக்குப் போனார். தீர்மானத்தை விட எனக்கு அது வலித்தது.

சிறிய பள்ளிகளில் சில மோசமாக நடக்கின்றன என்பதும் உண்மைதான். பெற்றோரை ஏமாற்றி வாடகை வீட்டில் பெயர்ப்பலகை மாட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கல்வித் துறை மூடட்டும், நானே தகவல் கொடுப்பேன். அதற்காகப் பதிவும் அங்கீகாரமும் உள்ள ஒரு தலைமையாசிரியரின் ஓட்டைப் பறிப்பதா?

அடுத்த பொதுக்குழுவுக்கு நான் போகிறேன். இந்த வருடத்துக்கான முழு உறுப்பினர் சந்தாவை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, ரசீது என்னிடம் இருக்கிறது. சுற்றறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுத்தில் ஒரு தீர்மானம் கொடுக்கப் போகிறேன். வழிமொழிய ஒரு தலைமையாசிரியர் வேண்டும். பெரிய பள்ளியோ சிறிய பள்ளியோ, மனமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் போன் செய்யுங்கள்.