கையெழுத்திட்டால் சம்மதம் ஆகிவிடுமா?

மருந்துக் காப்புரிமை பற்றிய உலக ஒப்பந்தங்களை ஆதரித்து ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக் கூட்டத்தில் பேசியதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. ‘எந்த நாட்டையும் கையைப் பிடித்து யாரும் கையெழுத்து வாங்கவில்லை’ என்று பேச்சாளர் முடித்தபோது எழுந்த கைதட்டல்தான் எனக்கு ஆறவில்லை. வேறு ஊரில் தட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். 1930களின் விலை வீழ்ச்சியில் கீழ்ப்பர்மாவின் நெல்வயல்கள் கடனுக்கு ஈடாக, அங்கே வட்டிக்குக் கொடுத்த நம் செட்டியார் வீட்டார் கைக்கு வந்தனவே, அந்த விவசாயிகளும் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள்தாம். வட்டியை நிர்ணயித்தது யார் என்பது செட்டிநாட்டாருக்குத் தெரியாதா?

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு உரிமை தரவில்லை, தயாரிக்கும் செய்முறைக்கு மட்டுமே தந்தது. அது நமக்காக நாமே எழுதிக்கொண்டது. 1995இல் நடைமுறைக்கு வந்த ட்ரிப்ஸ் என்னும் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை, மருந்துக்கே உரிமை தரும்படி அதை மாற்றச் சொன்னது. உலக வர்த்தக அமைப்பில் இடம் வேண்டுமென்றால் இதையும் சேர்த்தே ஏற்றாக வேண்டும். அந்த மாற்றத்துக்கான கெடு முடியச் சில நாட்களே இருந்த 2004 டிசம்பரில், நாடாளுமன்றத்துக்குக்கூடக் காத்திராமல் அவசரச் சட்டம் வந்தது. இதற்குப் பெயர் விருப்பமாம்.

அந்த ஆண்டில்தான் அப்பச்சிக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்நோய்க்கான இமாடினிப் மாத்திரைக்கு, அதே உடன்படிக்கையின் பேரால், ஒரே நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை தரப்பட்டிருந்த காலம் அது. அதன் விலை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். உள்நாட்டு மாத்திரையோ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அது தொடர்ந்து கிடைக்குமா என்று மதுரை மருந்துக் கடைக்காரரால் உறுதி சொல்ல முடியவில்லை. அன்றிரவு ஆத்தா ஒன்றும் பேசாமல், தம் திருமணத் தங்க நகையான கழுத்துருவை எடுத்து வந்து அப்பச்சியின் கட்டிலருகே வைத்தார்கள்.

காப்புரிமை இல்லாவிட்டால் ஆராய்ச்சி ஏது என்பீர்கள். இருக்கட்டும், உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ‘நம் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல், ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுவும் ட்ரிப்ஸ் தந்ததுதானே’ என்று கேட்ட நண்பருக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அதே உடன்படிக்கையில் ஐரோப்பியரின் ஒயினுக்கும் சாராயத்துக்கும் கூடுதல் பாதுகாப்பு உண்டு. நம் தறிக்காரரின் சேலைக்கு அது கிடையாது. அந்தப் பத்திரத்தையும் யார் எழுதினார்கள் என்று பாருங்கள்.

பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புது உரிமை கேட்பதைத் தடுக்கும், நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது உண்மை; அந்த மட்டும் மகிழ்ச்சி. ஆனால் 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம், மருந்து கிடைக்கச் செய்வதற்கு நிறுவனங்கள் தாமாகத் தரும் உரிமமே சிறந்த வழி என்கிறது. நிறுவனம் மறுத்தாலும் பிறர் மருந்தைத் தயாரிக்க அரசு அனுமதிக்கும் கட்டாய உரிமம் சட்டத்தில் இருக்கும். எடுக்கத்தான் கை கூசும்.

இதையெல்லாம் கேட்க எழுந்தபோதுதான் ‘சொந்தக் கதைக்கு இது இடமில்லை’ என்று மேடையிலிருந்து பதில் வந்தது. நீங்கள் பகிரும் கூட்டக் காணொளியில் அந்தப் பகுதி இல்லை. முழுவதையும் போடச் சொல்லுங்கள்.