பேக்கப் இருந்ததாம்

மூன்று நாளாக யார் ஃபோனையும் எடுக்கவில்லை, மன்னிக்கவும். காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் டேட்டா முழுவதும் இருக்கும் சர்வர் அறையில் ஏசி பைப் ஒழுகியது, சனி ஞாயிறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. நேற்றுக் கூட்டத்தில் என்னைப் பார்த்து, "இதை நீங்கள் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார்களே, அதுதான் தாங்கவில்லை.

சொன்னேன் சார். மூன்று மெயில். மூன்றாவதற்கு ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது.

"பேக்கப், அதாவது டேட்டாவின் மறுநகல், இருந்ததே?" இருந்தது. சர்வரை அடுக்கி வைத்த அதே ரேக்கின் தலையில், "பேக்கப், தொடாதே" என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஹார்ட் டிஸ்க். சர்வர் குளித்தபோது அதுவும் சேர்ந்து குளித்தது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பட்டியலும் போட்டிருந்தோம். அந்த சர்வரில்தான்.

மறுபடியும் சொல்கிறேன், ஒரு தடவையாவது மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடு சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லாப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக நிஜ டேட்டாபேஸையே அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள், ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. தொழில்நுட்பமே தொழிலாக இருப்பவர்கள் கதி இது.

"க்ளவுடில் (இணையம் வழியே வேறு நிறுவனத்தின் சர்வரில்) போட்டால் தீர்ந்தது" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில், க்ளவுட் நிறுவனமான ஓவிஎச்சின் டேட்டா சென்டர் எரிந்ததே, அதுவும் க்ளவுட்தான். அங்கேயே பேக்கப்பும் வைத்திருந்த சிலருக்கு இரண்டும் சேர்ந்து போனது. இன்சூரன்ஸ்? பணம் வரும், போன வார ஆர்டர்கள் வராது.

"சின்ன கம்பெனிக்கு இதெல்லாம் கட்டுமா?" இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் வேண்டியது இவ்வளவுதான்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு கட்டடத்தில். இதற்கு ஆகும் செலவு நேற்று அந்தக் கூட்டத்தில் வீணான நேரத்தைவிடக் குறைவு. எத்தனை மணி நேரம் கடையை மூடி வைக்கலாம், எத்தனை மணி நேர டேட்டா போனால் தாங்கும் என்று முடிவு செய்யக் காசே வேண்டாம். போன வருஷம் நான் கேட்டேன். "எதுவும் போகக் கூடாது, உடனே வரணும்" என்றார்கள். சரி, பட்ஜெட்? எல்லோரும் டீயைப் பார்த்தார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஹேர் டிரையரோடு உட்கார்ந்து சர்வர் போர்டைக் காயவைத்தவனிடம் கேட்கிற கேள்வியா, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்பது?

கணக்குப் பிரிவில் ஓர் அக்கா எல்லா பில்லையும் அச்செடுத்து ஃபைல் போடுவார். "காகிதத்துக்கு என்னக்கா இவ்வளவு ஆசை" என்று அவரைக் கிண்டல் செய்தவன் நான்தான். இன்று காலையிலிருந்து அந்த ஃபைலைப் பார்த்துத்தான் ஆறு பேர் மாறி மாறித் தட்டச்சு செய்கிறார்கள். கூட்டக் குறிப்பில் அவர் பெயர் இல்லை. "எதிர்பாராத இயற்கைக் காரணம்" என்று எழுதியிருக்கிறார்கள். ஏசி பைப்பாம், இயற்கையாம்.